கிடுகு வேலிக்கு அப்பால்: வீட்டுக் காவலும் தோட்டாத் தெரிவும் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன்னுயிரையும் தன் இல்லத்தாரின் உயிரையும் காத்துக்கொள்ளும் உரிமை உடையவன் என்பதனை உலகின் பெரும்பாலான சமயங்களும் சட்ட முறைமைகளும் ஏற்றுள்ளன. அவ்வுரிமை எங்கிருந்து தோன்றுகின்றது, அதன் எல்லை யாது என்பன குறித்துத் தத்துவ அறிஞர் நிகழ்த்திய விவாதங்கள் பல. ஆயின், அவ்வுரிமையைச் செயற்படுத்தும் கருவி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெற்றதில்லை. வீட்டில் துவக்கு வைத்திருப்பவன் அதனுள் எத்தகைய தோட்டாவை நிறைக்கின்றான் என்பது, வேட்டைக்காரரும் ஆயுத வியாபாரிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும் தொழில்நுட்பச் செய்தியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. உண்மையில் அது ஓர் அறவியற் சிக்கலாகும். துவக்கின் விசையை இழுக்கும் கணத்தைவிடத் தோட்டாவைத் தெரிவு செய்யும் கணத்திலேயே மனிதனின் அறப்பொறுப்பு முழுமையாகக் குடிகொண்டுள்ளது எனக் கூறுவதற்கு இடமுண்டு. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து அமைந்த மாவட்டத்தின் வரலாறும் வாழ்நிலையும் இவ்வுண்மையைத் தெளிவுற எடுத்துக்காட்டுவன.

கோட்டையும் குடிசையும்

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அதனைக் கைப்பற்றும் பொருட்டு ஐரோப்பிய வல்லரசுகள் நிகழ்த்திய போட்டி நெடியது. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு கோட்டை அமைத்தனர். அதனை 1639 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782 இல் முதலில் ஆங்கிலேயரும் பின்னர் சவ்றென் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படையும் அடுத்தடுத்து அதனை வென்றனர். 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமான அக்கோட்டை பின்னாளில் பிரட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு வீசின. இவ்வாறு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் 'காவல்' என்னும் சொல் இம்மண்ணிற் கோட்டையையும் பீரங்கியையும் சார்ந்தே பொருள் கொள்ளப்பட்டது.

கோட்டையின் காவலுக்கும் வீட்டின் காவலுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. கோட்டையின் பீரங்கிகள் கடலை நோக்கி நிற்பன. குறி தவறிய குண்டு நீரில் வீழ்ந்து அமிழும். கோட்டைச் சுவரோ பகைவனின் குண்டைத் தாங்கவல்ல பருமன் உடையது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் சம்பூரிலும் மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த வீடுகள் அத்தகையன அல்ல. தென்னங் கிடுகால் வேய்ந்த கூரை, களிமண்ணாலோ மெல்லிய சீமெந்துக் கல்லாலோ எழுப்பிய சுவர், கிடுகாலும் பனை மட்டையாலும் அடைத்த வேலி, அவ்வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டின் திண்ணை, அத்திண்ணையிற் பாய் விரித்து உறங்கும் சிறுவர் என்பதே இவ்வூர்களின் அமைப்பு. கல்வீடுகள் பெருகிவிட்ட இந்நாளிலும் பலகையாலும் தகரத்தாலும் அடைக்கப்பட்ட வீடுகள் இல்லாமற் போகவில்லை. கோட்டைக்கு வெளியே நிற்பவன் பகைவன்; வீட்டுக்கு வெளியே இருப்பவன் அயலவன். இவ்வேறுபாட்டை உணராது கோட்டையின் தருக்கத்தை வீட்டுக்குள் கொண்டு வருவதே இச்சிக்கலின் தோற்றுவாய் எனலாம்.

தோட்டாவின் இயல்பு

அறவியல் விசாரணை பொருளின் இயல்பை அறியாது தொடங்குதல் பயனற்றது. இம்மாவட்டத்தின் வேளாண் கிராமங்களிற் சட்டபூர்வமாக வழங்கிய ஆயுதம் பெரும்பாலும் பன்னிரண்டு துவாரத் துவக்கு எனப்படும் வேட்டைத் துவக்கேயாகும். குழாயின் விட்டத்துக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்து ஓர் இறாத்தல் நிறை கொள்ளும் என்பதே அவ்விலக்கத்தின் பொருள். கந்தளாய், தம்பலகாமம் முதலிய இடங்களில் வயலையும் சேனைப் பயிரையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் கமக்காரனுக்கு அது கமக் கருவிகளுள் ஒன்றெனவே விளங்கியது. அதில் நிறைக்கப்படும் தோட்டாக்கள் ஒரே தன்மையன அல்ல. பறவைகளுக்கென அமைந்த தோட்டாவிற் கடுகினும் சற்றுப் பெரிய சன்னங்கள் நூற்றுக்கணக்கில் அடங்கியிருக்கும். எஸ்.ஜி. எனப்படும் தோட்டாவிற் பட்டாணியை ஒத்த பெரிய சன்னங்கள் பத்துக்கும் குறைவாகவே இருக்கும். முன்னையவை விரைவிற் பரந்து விசையை இழப்பன. பின்னையவை நெடுந்தொலைவு செல்வன.

றைபிள் இவற்றினின்றும் முற்றிலும் வேறுபட்டது. ஆங்கிலேயப் படையினர் இரு உலகப் போர்களிலும் ஏந்திய மூன்று நூற்று மூன்று என வழங்கும் றைபிளின் ரவை, குழாயை விட்டு நீங்கும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 740 மீற்றர் வேகம் உடையது. ஒரு மைலுக்கு அப்பாலும் அது உயிரைப் பறிக்கவல்லது. கிடுகையும் ஓலையையும் எந்தச் சன்னமும் துளைக்கும். ஆகவே துளைக்குமா என்னும் வினாவுடன் நில்லாது, துளைத்தபின் எவ்வளவு தூரம் செல்லும் என்பதனையும் நோக்குதல் வேண்டும். சிறு சன்னம் வளவின் எல்லையைத் தாண்டிய சிறிது தூரத்தில் ஆற்றல் குன்றும். றைபிள் ரவையோ ஒரு வீட்டின் இரு சுவர்களையும் ஊடுருவி அடுத்த வீட்டினுட் புகும். அதனை ஏவியவனுக்கு அங்கே யார் உறங்குகின்றார் என்பது தெரியாது.

ஈண்டு ஒரு விந்தையான முரண்பாடு எழுகின்றது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள தம்தம் என்னுமிடத்து ஆயுதச்சாலையில், முனையில் ஈயம் வெளித்தெரியும் ரவையொன்று உருவாக்கப்பட்டது. முழுவதும் கடின உலோகத்தால் மூடப்பட்ட ரவை எதிரியின் உடலை ஊடுருவிச் சென்றுவிடுகின்றது, அவனைத் தடுத்து நிறுத்துவதில்லை என்று வடமேற்கு எல்லைப் போர்களில் ஈடுபட்ட ஆங்கிலேயப் படையினர் முறையிட்டமையே அதற்குக் காரணம். தம்தம் ரவை உடலினுள் விரிந்து கொடிய காயத்தை விளைவித்தது. அக்கொடுமை கருதி 1899 இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் ரவைகளைப் போரிற் பயன்படுத்தலாகாது எனப் பிரகடனம் செய்தது. தொடக்கத்தில் மறுத்த பிரித்தானியா 1907 இல் அதனை ஏற்றது. எனினும், போரில் விலக்கப்பட்ட அதே தன்மையான ரவையை இன்று பல நாடுகளின் பொலிசார் பயன்படுத்துகின்றனர். அவர்கள் கூறும் நியாயங்களுள் ஒன்று கவனத்திற்குரியது: விரியும் ரவை சுடப்பட்டவனின் உடலிலேயே தங்கிவிடும், அவனுக்குப் பின்னால் தெருவில் நிற்கும் அப்பாவியைத் தாக்காது.

ஆகவே, தாக்குபவன் மீது இரக்கம் காட்டும் ரவை அயலவன் மீது இரக்கம் காட்டுவதில்லை. அயலவனைக் காக்கும் ரவை தாக்குபவனைச் சிதைக்கின்றது. போர்க்களத்திற் படைவீரன் முன்னாலும் பின்னாலும் இருப்போரைப் பெரும்பாலும் படைவீரர் என்றே கொள்ளலாம். அங்கு துன்பத்தைக் குறைப்பதே அறமாகின்றது. குடியிருப்பில் அந்நிலை இல்லை. 'எந்தத் தோட்டா நல்லது?' என்னும் வினாவுக்குத் தொழில்நுட்பம் தனித்து விடை கூற இயலாமை இதனாலேயே. யாருக்கு நல்லது, யாருடைய செலவில் நல்லது என்ற வினாக்கள் அதனுடன் பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளன.

அமைதியான நாழிகை

நள்ளிரவிற் கதவு உடைக்கப்படுகின்றது. மனைவி அலறுகின்றாள், பிள்ளைகள் விழித்து அழுகின்றனர். குடும்பத் தலைவன் இருளிலே துவக்கைத் தேடி எடுக்கின்றான். அக்கணத்தில் அவனிடம் நிதானத்தை எதிர்பார்த்தல் மனித இயல்பை அறியாதார் செயலாகும். அவன் சுவரின் பருமனைக் கணித்தல் இயலாது. அயல் வீட்டுத் திசையை எண்ணிப் பார்த்தலும் அரிது. அச்சம் அவனது கையை இயக்குகின்றது. இதன் காரணமாகவே, அத்தகைய கணத்தில் நிகழ்வதற்கு எவனையும் குறைகூற முடியாது எனப் பலர் வாதிடுவர்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை இல்லை. அரிஸ்ரோட்டில் தமது அறவியல் நூலிற் குடிபோதையிற் குற்றம் புரிந்தவனைப் பற்றி ஆராய்கின்றார். குற்றம் புரிந்த வேளையில் அவன் தன்னை அறியாதவனாக இருந்தான் என்பது உண்மையே. எனினும் குடிப்பதும் குடியாதிருப்பதும் ஒருகால் அவன் வசத்தில் இருந்தன. அறியாமையின் தொடக்கம் அவனிடமே உள்ளது. ஆகவே அவன் பொறுப்பினின்றும் நீங்கமாட்டான் என்பது அவர் கருத்து. இதே தருக்கம் வீட்டுக் காவலுக்கும் பொருந்தும். விசையை இழுக்கும் கணம் அச்சத்தின் வசத்தது. ஆனால் கடைக்குச் சென்று தோட்டாவை வாங்கிய பகற்பொழுது அச்சத்தின் வசத்ததன்று. அதனைப் பெட்டியில் அடுக்கிய மாலைப்பொழுதும், துவக்கைச் சுத்தஞ் செய்து எண்ணெய் பூசிய விடுமுறை நாளும் அவ்வாறே. அந்நாழிகைகளில் அவன் நிதானமாக எண்ண வல்லவன். வேலிக்கு அப்பால் யார் உளர் என்பது அப்போது அவனுக்கு நன்கு தெரியும்; அவ்வயலவனின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பவனும் அவனே.

எனவே, இரவின் பதற்றத்தில் வெடித்த தோட்டா பகலின் அமைதியில் தெரியப்பட்டது என்பதே மனங்கொள்ளத்தக்கது. வீடு நெருங்கிய குடியிருப்பிற் காவலுக்கென றைபிளையும் அதன் ரவையையும் ஒருவன் பகலிற் தேர்ந்தானாயின், இரவில் அது அயலவனைக் கொல்லும்போது 'எதிர்பாராத விபத்து' என்னும் சொல்லை அவன் பயன்படுத்தத் தகுதியற்றவனாகின்றான். அவன் அயலவனின் சாவை விரும்பவில்லை என்பது மெய். ஆயினும் அதற்கு இடங்கொடுத்தான் என்பதும் மெய்யே.

சட்டத்தின் மன்னிப்பும் மனச்சான்றின் தீர்ப்பும்

இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைப் பின்பற்றித் தற்காப்பு உரிமையை விரிவாக வரையறுத்துள்ளது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேற்பட்ட தீங்கு இழைக்கலாகாது என்பது அதன் பொது விதி. இரவில் வீடுடைத்தல் போன்ற சில குற்றங்களை எதிர்க்குமிடத்து அவ்வுரிமை மரணத்தை விளைவித்தல் வரை செல்லவும் அது இடமளிக்கின்றது. இவற்றுள் 99 ஆம் பிரிவு தனித்து நோக்கற்பாலது. மரண அச்சத்தைத் தரும் தாக்குதலை எதிர்ப்பவன், குற்றமற்ற ஒருவருக்குத் தீங்கு நேரும் அபாயத்தை ஏற்காமல் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பின், அவ்வபாயத்தை ஏற்கவும் அவனுக்கு உரிமை உண்டு என அது கூறுகின்றது. அதற்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுவது நெஞ்சை உலுக்கும் ஒரு நிலைமை: தன்னைக் கொல்ல முனையும் கும்பலை நோக்கி ஒருவன் சுடவேண்டியுள்ளது, அக்கும்பலிற் சிறு பிள்ளைகளும் கலந்துள்ளனர், அவன் சுட்டதனால் அவர்களுள் ஒருவருக்குத் தீங்கு நேரினும் அது குற்றமாகாது.

சட்டம் இவ்வாறு கூறுவதிற் தவறில்லை. சாவின் விளிம்பில் நிற்பவனைத் தண்டித்துத் திருத்துதல் இயலாது என்பதனைச் சட்டம் அறியும். எனினும், குற்றமாகாதது எல்லாம் குறையற்றது என்று கொள்ளுதல் பிழை. 13 ஆம் நூற்றாண்டிற் தோமஸ் அக்குவைனாஸ் தற்காப்புக் கொலை பற்றி ஆராய்ந்தபோது, ஒரு செயல் இரு விளைவுகளை உடையதாகலாம் என எடுத்துரைத்தார். தன்னுயிரைக் காத்தல் கருதப்பட்ட விளைவு. தாக்கியவன் மாய்தல் கருதப்படாத விளைவு. ஆயின், கருதப்படாதது என்ற காரணம் மாத்திரம் அச்செயலை நியாயப்படுத்தாது. பயன்படுத்தப்படும் வன்மை நோக்கத்துக்கு ஏற்ற அளவினதாதலும் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அளவு என்னும் இச்சொல்லே தோட்டாத் தெரிவின் திறவுகோல். கதவருகில் நிற்பவனைத் தடுப்பதற்கு ஒரு மைலுக்கு அப்பாலுள்ளவனையும் கொல்லவல்ல வன்மை அளவானதன்று.

மேலும், 99 ஆம் பிரிவு குறிப்பிடும் மனிதன் வேறு வழி அற்றவன். அப்பிரிவின் நிழலில் ஒதுங்க விரும்புபவன் தனக்கு வேறு வழி இருக்கவில்லை எனக் காட்டுதல் வேண்டும். வேறு தோட்டாவைத் தெரிவு செய்ய நேரமும் வாய்ப்பும் பெற்றிருந்தவன், 'அக்கணத்தில் வேறு வழி இருக்கவில்லை' எனக் கூறுவது நீதிமன்றில் நிலைக்கக்கூடும். மனச்சான்றின் மன்றில் நிலைக்காது.

கைவிட்டுப் போகும் கருவி

துவக்கு வீட்டுக்கு வந்தபின் அது வைத்திருப்பவனின் கருத்துக்கு மாத்திரம் கட்டுப்பட்டிருப்பதில்லை. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போதும் 1987 முதல் 1989 வரையான காலத்திலும் தென்னிலங்கையில் அனுமதி பெற்ற துவக்குகள் வீடுகளிலிருந்து பறித்துச் செல்லப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் ஆயுதப் போராட்டத்தின் தொடக்க காலத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. நள்ளிரவிற் கதவைத் தட்டியவர் தேடி வந்தது பொன்னையோ பணத்தையோ அன்று. காவலுக்கென வைக்கப்பட்டிருந்த துவக்கையே. அபாயத்தைத் தடுக்க வைத்த பொருளே அபாயத்தை வாசலுக்கு அழைத்து வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அரசு எல்லைக் கிராமத்தவருக்கு வேட்டைத் துவக்குகளை வழங்கி ஊர்காவற் படையை அமைத்தது. தம் ஊரைத் தாமே காக்கட்டும் என்பதே சொல்லப்பட்ட நோக்கம். தாக்குதலுக்கு அஞ்சி உறங்காதிருந்த அம்மக்களின் அச்சம் பொய்யானதன்று. 1995 மே மாதத்திற் கல்லறாவ என்னும் மீனவக் கிராமத்திற் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டமை அதற்குச் சான்று. ஆனால் போர் நீண்டபோது வேட்டைத் துவக்கின் இடத்தை மேலும் வலிய படைக்கலங்கள் பெற்றன. ஊரைக் காத்தல் என்பது அயலூருக்குச் செல்லுதல் என்றும் ஆயிற்று. 1996 பெப்ரவரி 11 ஆம் நாள் கிளிவெட்டிக்கு அண்மையிலுள்ள குமாரபுரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெண்களும் குழந்தைகளும் பலர். அதிற் படையினருடன் ஊர்காவற் படையினரும் பங்கு கொண்டனர் என மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. 2016 இல் அநுராதபுர மேல் நீதிமன்றத்தில் இவ்வழக்கு முடிவுற்றபோது குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாட் படையினர் விடுதலை செய்யப்பட்டனர்.

இவ்விரு ஊர்களின் பெயர்களும் ஒருங்கே நினைக்கப்படுதல் வேண்டும். ஒன்றை நினைத்து மற்றொன்றை மறப்பவன், வேலிக்கு அப்பால் உள்ளவனின் மொழியை அறிந்த பின்னரே அவனது உயிரின் மதிப்பைக் கணிக்கின்றான். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களிலும் சிற்சில இடங்களில் அடுத்தடுத்த வளவுகளிலும் வாழும் இம்மாவட்டத்தில், தோட்டாத் தெரிவு என்னும் சிறு வினா பெரு வினாவாக மாறுவது இவ்விடத்திலேயாகும். அயலவனையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும் என்னும் விதி, அவ்வயலவன் தன் இனத்தவன் ஆயினும் அல்லனாயினும் ஒரே அளவிற் கொள்ளப்படுகின்றதா என்பதே அவ்விதியின் உரைகல்.

மனிதன் இல்லாக் காவல்

அறத்தெரிவை முற்றிலும் கைவிட்ட காவலுக்கு எடுத்துக்காட்டு கட்டுத்துவக்கு. காட்டுப்பன்றி வரும் வழியிற் குழாயொன்றைப் பிணைத்து, நூலொன்றை விசையுடன் தொடுத்து, கமக்காரன் வீடு சென்று உறங்குகின்றான். நூலை இடறுவது பன்றியாயின் பன்றி மாய்கின்றது. விறகு பொறுக்கச் சென்றவனாயினும் தேன் எடுக்கச் சென்றவனாயினும் அதற்கு வேறுபாடு தெரியாது. சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தும் நாட்டின் பல பகுதிகளில் இக்கட்டுத்துவக்குகள் மனிதரையும் யானைகளையும் ஊனப்படுத்தி வந்துள்ளன.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நிகழ்ந்த கற்கோ எதிர் பிரைனி என்னும் வழக்கு இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆளற்ற பழைய பண்ணை வீடொன்றிற் திருட்டு நிகழ்வதைத் தடுக்க எண்ணிய அதன் உரிமையாளர், அறைக் கதவு திறக்கப்பட்டதும் தானே வெடிக்குமாறு வேட்டைத் துவக்கொன்றைப் பொருத்தினார். வயிற்றை நோக்கிப் பொருத்தப்பட்ட குழாய், மனைவி கூறியதன் பேரிற் கால்களை நோக்கித் தாழ்த்தப்பட்டது. 1967 இற் பழைய போத்தல்களைத் திருடப் புகுந்த ஒருவன் காலிற் படுகாயமுற்றான். 1971 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் திருடனுக்கு இழப்பீடு வழங்கும் தீர்ப்பை உறுதி செய்தது. வெறும் பொருளைக் காப்பதற்கு, தான் அங்கு நின்றிருந்தாற் செய்ய உரிமையற்ற செயலைப் பொறியைக் கொண்டு செய்விக்கவும் ஒருவனுக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். ஆயினும் தத்துவ மாணவனின் கவனத்தைக் கவர்வது தாழ்த்தப்பட்ட அக்குழாயே. அமைதியான ஒரு பகற்பொழுதில், இன்னும் வராத ஒருவனின் உடலை எண்ணி, 'இவ்வளவு போதும்' என ஒரு பெண் கூறினாள். அவர்கள் செய்த தவறு பெரிதெனினும், அச்சிறு திருத்தத்தினால் ஓர் உயிர் மிஞ்சியது. அமைதியான நாழிகையிற் செய்யப்படும் தெரிவின் ஆற்றலுக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

எழக்கூடிய தடைகள்

இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய தடைகள் இரண்டு. ஆயுதமே வேண்டாம் என்னும் தூய அகிம்சை நிலையிலிருந்து எழுவது முதலாவது. கொல்லவல்ல கருவிகளுள் நல்லதைத் தேடுதல் தீமையோடு பேரம் பேசுதலாகும் என அந்நிலையினர் கூறுவர். அந்நிலை உயர்ந்தது. ஆயினும், அகிம்சையைத் தம் வாழ்நெறியாகக் கொண்ட காந்தியடிகளே 1920 இல் எழுதியபோது, கோழைத்தனம், வன்முறை என்னும் இரண்டே வழிகள் எஞ்சுமிடத்து வன்முறையையே தாம் பரிந்துரைப்பார் என்று குறிப்பிட்டார். தன்னை அகிம்சைக்கு ஒப்புக்கொடுக்க ஒருவனுக்கு உரிமை உண்டு; உறங்கும் தன் பிள்ளைகளை ஒப்புக்கொடுக்க உரிமை உண்டா என்பது எளிதில் விடைகாண இயலாத வினா. ஆயுதம் ஏந்துவோர் இருக்கும் வரை, ஏந்துவோருக்கும் அறம் உண்டு எனக் கூறுதல் தேவையாகின்றது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. வலிமை குன்றிய தோட்டாவைத் தெரிவு செய்தவன் தாக்குபவனைத் தடுக்க முடியாது போகலாம். அப்போது அயலவனின் பிள்ளைக்காகத் தன் பிள்ளையைப் பலிகொடுத்தவன் ஆகின்றான் அல்லனோ? தந்தை ஒருவனிடம் தன் குழந்தையையும் பிறர் குழந்தையையும் ஒரே தராசில் நிறுக்குமாறு கேட்பது கொடுமையன்றோ?

இத்தடையைச் சொல்லளவிற் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. வலிமை குன்றிய தோட்டா சில வேளைகளிற் போதாமற் போகும் என்பது உண்மை. அவ்விழப்பு யாரோ ஒருவரால் ஏற்கப்பட வேண்டியதே. எனினும் இங்கு நோக்கவேண்டுவன இரண்டு. ஒன்று, துவக்கு வைத்திருப்பதன் பயன் வைத்திருப்பவனுக்கே உரியது. பயனைத் தான் பெற்று அபாயத்தை, தன்னிடம் எதுவும் கேட்கப்படாத அயலவன் மீது சுமத்துதல் நீதியாகாது. மற்றொன்று, ஒவ்வொரு வீடும் பிறிதொரு வீட்டின் அயல்வீடே. தன் வீட்டைக் காக்க ஒருவன் றைபிளைத் தேர்வானாயின் அடுத்தவனும் அவ்வாறே தேர்வான். அப்போது ஒவ்வொரு குழந்தையும் தன் தந்தையாற் காக்கப்பட்டு, நான்கு திசைகளிலுமுள்ள அயலவரால் அச்சுறுத்தப்பட்டு உறங்கும். அயலவனின் பிள்ளைக்காகத் தன் வன்மையை அளவுபடுத்துபவன் தன் பிள்ளையைக் கைவிடுபவன் அல்லன். எவ்விதி நிலவும் ஊரில் தன் பிள்ளை வாழ வேண்டுமென விரும்புகின்றானோ அவ்விதியைத் தான் முதலிற் கைக்கொள்பவன் ஆவான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனில், வீட்டுக் காவலுக்கான தோட்டா தன் வளவின் எல்லையை அறிந்ததாக இருத்தல் வேண்டும் என்பதாம். நெருங்கிய குடியிருப்பிற் காவலுக்கென றைபிள் ரவையைத் தேர்தல் அவ்வெல்லையை மறுத்தலாகும். வேட்டைத் துவக்கிலும், தேவைக்கு மேற்பட்ட தொலைவு செல்லும் தோட்டாவை விலக்குதல், எத்திசையில் அயலவர் உறங்குகின்றனர் என்பதனைப் பகலிலேயே மனத்திற் பதித்தல், துவக்கையும் தோட்டாவையும் வேறு வேறாகப் பூட்டி வைத்தல் ஆகியன அமைதியான நாழிகைக்குரிய கடமைகள். இவற்றுக்கும் முந்திய கடமையொன்று உண்டு: துவக்கு உண்மையில் வேண்டுமா என்னும் வினாவை அச்சம் இல்லாத பொழுதில் எழுப்புதல். வலிய கதவும், குரைக்கும் நாயும், குரல் கேட்டதும் ஓடிவரும் அயலவனும் பல இரவுகளிற் துவக்கினும் மேலான காவல் ஆவர்.

கடைசியிற் கூறிய காவலனே யாவரினும் முதன்மையானவன். அபாயக் காலத்தில் முதலில் அழைக்கப்படுபவன் வேலிக்கு அப்பால் உள்ளவனே. அவனை நோக்கிச் செல்லக்கூடிய தோட்டாவைத் துவக்கில் நிறைத்து வைத்துக்கொண்டு அவனது உதவியை எதிர்பார்த்தல் முரணாகும். 2009 இற் போர் முடிவுற்றபின் இம்மாவட்டத்தின் ஊர்கள் பல மீண்டும் குடியமர்ந்தன. வேலிகளும் மீண்டும் அடைக்கப்பட்டன. வேலி இரு வளவுகளைப் பிரிப்பது உண்மையே. ஆயினும் அதனை இருபுறத்தாரும் சேர்ந்தே அடைக்கின்றனர் என்பதனை நினைவிற் கொள்பவன், தன் துவக்கில் எதனை நிறைப்பது என்னும் வினாவுக்குத் தவறான விடையை எளிதிற் கூறமாட்டான்.